பால்வாடிப் பிள்ளைகளும் முதியோர் இல்லமும்: சேலம், ஏற்காட்டில் தொடங்க நினைப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பால்வாடிப் பிள்ளைகள் வாராவாரம் முதியோர் இல்லத்துக்குப் போய்ப் பெரியவர்களோடு சேர்ந்து உட்காரும் ஏற்பாட்டைப் பற்றி முதியோர் இல்லம் நடத்துகிறவர்கள், அங்கன்வாடி டீச்சர்கள், நர்சரி பள்ளிக்காரர்கள், பெற்றோர் எல்லோரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. முழுக்கப் படித்த பிறகு முதல் நாளைக் குறியுங்கள்.

முதியோர் தினத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போய்ப் பழம் கொடுக்கிறோமே, அதுதானே இது?

இல்லை. அக்டோபர் 1 அன்று நாற்பது பிள்ளைகள் வேனில் வந்து இறங்குவார்கள். மாறுவேடம் போட்டு ஆடுவார்கள், ஆளுக்கொரு ஆப்பிள் கொடுப்பார்கள், படம் எடுத்துக்கொண்டு ஒரு மணி நேரத்தில் கிளம்பிவிடுவார்கள். பெரியவர்கள் வரிசையாக நாற்காலியில் உட்கார்ந்து கை தட்டுவார்கள். யாருக்கும் யார் பெயரும் தெரியாது. அன்று சாயங்காலம் இல்லம் முன்பைவிட வெறிச்சென்று கிடக்கும்.

இங்கே சொல்வது வேறு. அதே எட்டுப் பிள்ளைகள், அதே ஆறு பெரியவர்கள், வாரத்தில் அதே கிழமை, அதே நேரம், முப்பது முதல் நாற்பது நிமிடம். நடுவில் இரண்டு பேரும் கை வைக்கிற மாதிரி ஒரு வேலை. இவற்றில் எதை விட்டாலும் பாதிப் பலன் போய்விடும்.

வெளிநாடுகளில் இது பழைய வழக்கம். டோக்கியோவில் 1976-லேயே மழலையர் காப்பகத்தையும் முதியோர் இல்லத்தையும் ஒன்றாக்கினார்கள். அமெரிக்காவின் சியாட்டில் நகரில் ஒரு பெரிய முதியோர் இல்லத்துக்குள்ளேயே 1991 முதல் மழலையர் பள்ளி நடக்கிறது. லண்டனில் 2017-ல் அப்படி ஒன்று தொடங்கியது. அங்கே ஒரே வளாகம். நமக்கு அது வேண்டியதில்லை. நடந்து போகிற தூரத்தில் ஒரு பால்வாடியும் ஓர் இல்லமும் இருந்தால் போதும்.

நர்சிங் ஹோமுக்குக் குழந்தைகளைக் கூட்டிப்போகலாமா?

நம் ஊரில் நர்சிங் ஹோம் என்றால் சின்ன தனியார் ஆஸ்பத்திரி. அங்கே கூடாது. இங்கே பேசுவது முதியவர்கள் நிரந்தரமாகத் தங்கியிருக்கும் இல்லங்களைப் பற்றி. படுக்கையில் இருப்பவர்களைப் பராமரிக்கும் இல்லம் என்றாலும் சரிதான். அவர்களையும் சேர்க்கலாம், அதற்கான முறை கீழே இருக்கிறது.

எத்தனை பேர், எந்த வயது?

மூன்றரை முதல் ஐந்து வயது வரை சரி. அதற்குக் கீழே கையில் கிடைத்தது வாய்க்குப் போகும். எட்டுப் பிள்ளைகளுக்கு மேல் வேண்டாம். டீச்சர் ஒருவர், ஆயா ஒருவர், இல்லத்தின் கவனிப்பாளர் இருவர் வேண்டும். மொத்தம் நாலு பேர் கண் வைக்க வேண்டும், அதில் ஒருவருக்கு வேறு எந்த வேலையும் இருக்கக் கூடாது. யாருக்கோ பாத்ரூம் வரும், யாரோ அழுவார்கள், அந்த ஒருவர்தான் எழுந்து போக வேண்டும்.

பெரியவர்களை நிர்வாகி தேர்ந்தெடுக்கக் கூடாது, கேட்க வேண்டும். “புதன்கிழமை சின்னப் பசங்க வராங்க, கூட உக்கார்றீங்களா?” என்று முதல் நாள் ஒருமுறை, அன்று காலை ஒருமுறை. வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். பேரப்பிள்ளைகளைப் பார்த்து வருஷக்கணக்கான ஒருவருக்கு அடுத்தவர் பிள்ளையைப் பார்ப்பது சுகமாக இருக்கும் என்று நாமே முடிவு கட்ட முடியாது. தூரத்தில் உட்கார்ந்து பார்க்கிறேன் என்றால் அதுவும் பங்கெடுப்பதுதான். நாலு வாரம் கழித்து நாற்காலி தானாகக் கிட்டே வரும், வராமலும் போகும்.

பிள்ளைகள் அவர்களை எப்படிக் கூப்பிடுவது?

ஒவ்வொருவரிடமும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். சேலம் பக்கம் ‘அம்மாயி’ என்றால் முகம் மலர்கிறவர்கள் உண்டு. ‘அப்பாயி’, ‘அப்புச்சி’, ‘தாத்தா’ என்று அவரவர் வீட்டு வழக்கம். கல்யாணம் ஆகாத ஓய்வுபெற்ற ஆசிரியை ‘பாட்டி’யை விரும்பாமல் ‘டீச்சர்’ என்றே கேட்கலாம். பெயர் அட்டையில் அந்த அழைப்பைச் சேர்த்தே பெரிய எழுத்தில் எழுதுங்கள். வெள்ளை அட்டையில் கறுப்பு எழுத்து, எழுத்து ஒன்று விரல் உயரம். கண்புரை உள்ளவருக்கு மற்ற நிறங்கள் கலங்கும்.

மொழி தெரியாத பெரியவர்கள் இருந்தால்?

சேலத்தில் இது முக்கியமான கேள்வி. தெலுங்கு, கன்னடம், சௌராஷ்டிரம், உருது பேசும் குடும்பங்கள் இங்கே ஏராளம். மறதி நோய் வந்தவர்களில் பலர் பிற்பாடு கற்ற மொழியை முதலில் இழந்து, சின்ன வயதில் வீட்டில் பேசிய மொழிக்கே திரும்பிவிடுகிறார்கள். அறுபது வருஷம் தமிழ் பேசிய பாட்டி திடீரென்று சௌராஷ்டிரத்தில் பதில் சொன்னால் கவனிப்பாளர் ‘உளறுகிறார்’ என்று நினைத்துவிடுவார். அதே மொழியை வீட்டில் பேசும் பிள்ளை ஒன்று பக்கத்தில் உட்கார்ந்தால் அது உளறல் இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். சேர்க்கைப் படிவத்தில் வீட்டு மொழியைப் பார்த்து ஜோடி சேருங்கள்.

எந்த நேரம் நல்லது?

காலை பத்தரையிலிருந்து பதினொன்றேகாலுக்குள். குளியல், டிபன், மாத்திரை எல்லாம் முடிந்திருக்கும். பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடும் தூக்கமும் தவறாது. மாலையில் வேண்டவே வேண்டாம். பொழுது சாயும்போது மறதி நோயாளிகளுக்குக் குழப்பமும் பதற்றமும் கூடும், பிள்ளைகளும் களைத்திருப்பார்கள்.

ஏற்காட்டில் கார்த்திகை முதல் தை வரை பதினொரு மணிக்கு முன்னால் தொடங்காதீர்கள். பனி விலகி வெயில் வந்த பிறகுதான் மூட்டுகள் இளகும். சேலத்தில் மாசி கடைசி முதல் பத்து மணிக்கே தொடங்கிவிடலாம், தகர ஷீட் போட்ட ஹாலில் பதினொன்றுக்கு மேல் உட்கார முடியாது.

சேலத்துப் பள்ளிப் பிள்ளைகளை ஏற்காட்டு இல்லத்துக்கு அழைத்துப் போகலாமா?

வேண்டாம். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வரும் பிள்ளை வாந்தி எடுத்து, முகம் வெளுத்து இறங்கும். வாராவாரம் அது முடியாத காரியம். மலையில் உள்ள இல்லத்துக்கு மலையில் உள்ள அங்கன்வாடிதான் சரி.

ஊருக்குள்ளும் அரை கிலோமீட்டருக்குள் பாருங்கள். நடத்திக் கூட்டிவர ஒரு நீளக் கயிற்றில் இரண்டு அடிக்கு ஒரு முடிச்சு போட்டு, முடிச்சுக்கு ஒரு பிள்ளை. முன்னால் டீச்சர், பின்னால் ஆயா. ஓமலூர் மெயின் ரோடு மாதிரி சாலையைக் கடக்க வேண்டியிருந்தால் அந்த இல்லத்தை விட்டு வேறு பாருங்கள்.

என்ன வேலை கொடுப்பது?

கேட்கிறவர்கள் பலரும் பொம்மையும் கலர் பென்சிலும் வாங்கி வைத்துவிட்டுக் கேட்கிறார்கள். எண்பது வயதுக்காரர் கையில் கிலுகிலுப்பையைக் கொடுக்காதீர்கள். பெரியவருக்குத் தெரிந்த வேலையாக, பிள்ளைக்குப் புதிதாக இருக்க வேண்டும். அப்போதுதான் அவர் சொல்லிக் கொடுக்கிற இடத்தில் இருப்பார்.

முருங்கைக்கீரை ஆய்வதைப் போல ஒன்று கிடைக்காது. இரண்டு பேருக்கு நடுவில் ஒரு முறம், ஒரு கொத்து கீரை. பாட்டி ஈர்க்கின் நுனியை இடது கையில் பிடித்து, வலது கையின் இரண்டு விரலால் மேலிருந்து கீழே உருவுவார். இலை மொத்தமும் முறத்தில் விழும். பிள்ளை அதையே செய்தால் ஈர்க்கும் சேர்ந்து ஒடியும். பாட்டி பேசாமல் அதன் விரலைப் பிடித்து இன்னும் மேலே வைப்பார். இரண்டாவது கொத்தில் அது சரியாக வரும். கை நடுங்கினாலும் செய்ய முடிகிற வேலை இது. வாதத்தில் ஒரு கை விழுந்தவர் பிடித்துக்கொள்ள, பிள்ளை உருவலாம். கத்தி இல்லை, ஊசி இல்லை, மதியம் அந்தக் கீரை குழம்பில் கிடக்கும். நாலு ஜோடிக்கு இரண்டு கட்டு போதும். அரை மணியில் முடிய வேண்டும், முடியாமல் மிஞ்சினால் பிள்ளைகளுக்கு அலுத்துவிடும்.

சப்பாத்தி மாவு உருட்டுவது இன்னொன்று. ஜோடிக்குக் கால் கிலோ மாவு, சற்றுத் தளர்வாகப் பிசைந்தது. விரல் மூட்டு இறுகியவர்களுக்கு இது நல்ல பயிற்சி. பிசைந்ததைச் சமையலுக்கு எடுக்காதீர்கள்.

வெந்தயம் விதைத்தால் மூன்று முதல் ஐந்து நாளில் முளைக்கும், அடுத்த வாரம் பிள்ளை வரும்போது காட்ட ஏதாவது இருக்கும். ஏற்காட்டில் சிலர் காப்பிக் கொட்டை விதைக்க ஆசைப்படுகிறார்கள். அது தலை காட்ட ஒன்றரை மாதத்துக்கு மேல் ஆகும், நாலு வயதுப் பிள்ளை அதுவரை காத்திருக்காது. நாற்றாக வாங்கி நடுங்கள்.

விரலால் பூ கட்டுவது, மேசை மேல் பலகை வைத்து உட்கார்ந்தபடி அரிசி மாவில் கோலம், விடுகதை, தாலாட்டு எல்லாம் நன்றாக வரும். கோலத்துக்குக் கல் மாவு வேண்டாம், பிள்ளை கண்ணைக் கசக்கும்.

பல்லாங்குழி விளையாட விடலாமா?

நாலு வயது முடிந்தவர்களுக்கு, பலகைக்கு ஒரு பெரியவர் பக்கத்தில் இருந்தால் விடலாம். 14 குழி, குழிக்கு 5 என்றால் 70 புளியங்கொட்டை. ஆரம்பிக்கும் முன் எண்ணுங்கள், முடிந்ததும் எண்ணுங்கள். 69 இருந்தால் பிள்ளையின் மூக்கையும் காதையும் பாருங்கள். மூக்கில் போன கொட்டை ஈரத்தில் ஊறிப் பருக்கும். ஊக்கு, கரண்டிக் காம்பு எதையும் விட்டு நோண்டாமல் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். குன்றிமணியைக் காயாக வைத்து ஆடுவது பழைய வழக்கம், அதைக் கண்டிப்பாக விலக்குங்கள். உடைந்த குன்றிமணியை மென்று விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. இல்லத்துத் தோட்டத்தில் அரளி இருந்தால் அந்தப் பக்கம் பிள்ளைகள் போகாதபடி தடுப்பு வையுங்கள்.

அறையை எப்படித் தயார் செய்வது?

டிவியை அணைத்துவிடுங்கள், சத்தத்தை மட்டும் குறைத்தால் போதாது. காது மெஷின் போட்டிருப்பவருக்கு டிவி சத்தமும் பிள்ளைகள் சத்தமும் சேர்ந்து இரைச்சலாகக் கேட்கும், மெஷினைக் கழற்றி வைத்துவிடுவார். சிமெண்டுத் தரையும் வெறும் சுவரும் எதிரொலிக்கும், இரண்டு ஜமுக்காளம் விரித்தால் குறையும். ஜமுக்காளத்தின் ஓரம் யார் காலிலும் இடறாதபடி சுவரை ஒட்டி விரியுங்கள்.

நாற்காலிகளை இரண்டிரண்டாக, எல் வடிவில் போடுங்கள். பெரியவர் நாற்காலியில் உட்கார, பிள்ளை நின்றால் இருவர் கண்ணும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் வரும். மடியில் உட்கார வைக்காதீர்கள். எலும்பு மெலிந்தவருக்குப் பதினைந்து கிலோ திடீரென்று இறங்கினால் தாங்காது, மெலிந்த தோல் உராய்ந்தாலே கிழியும்.

சக்கர நாற்காலி நின்றதும் இரண்டு பிரேக்கையும் போடுங்கள், கால் தட்டை மடித்துவிடுங்கள். பிள்ளைகள் இடித்துக்கொள்வது அந்தத் தட்டில்தான். சிறுநீர்ப் பை உள்ளவர்களுக்குத் துணிப் பை தைத்து அதற்குள் வைத்து, பிள்ளை நிற்காத பக்கம் மாட்டுங்கள். தொங்குகிற குழாயைப் பிள்ளை இழுக்கும், கெட்ட எண்ணத்தில் இல்லை, தொங்குகிறது என்பதால்.

பட்டன் பேட்டரியால் என்ன ஆபத்து?

காது மெஷின், சுகர் பார்க்கும் கருவி இரண்டிலும் இருப்பது பார்க்க மாத்திரை போலவும் மிட்டாய் போலவும் இருக்கும். விழுங்கினால் உணவுக்குழாயில் சிக்கி இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே புண்ணாக்கக் கூடியது. வாந்தி எடுக்க வைக்காமல், நேரம் கடத்தாமல் 108-ஐ அழையுங்கள், அல்லது உடனே அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். தலையணை அடியில் ஒளித்து வைத்த மாத்திரைகளும் அதே அளவு கவலைக்குரியவை. பிள்ளைகள் வருவதற்கு முன் கவனிப்பாளர் ஒருவர் தரையையும் மேசையையும் நாற்காலி இடுக்கையும் தடவிப் பார்க்க வேண்டும். படுக்கை அறைகளுக்குள் பிள்ளைகளை விடாதீர்கள்.

தின்பண்டம் கொடுக்கலாமா?

ஒன்றாக உட்காரும் நேரத்தில் தின்பண்டமே வேண்டாம் என்பதுதான் எங்கள் கருத்து. பிள்ளை பாசத்தோடு பிஸ்கட்டை நீட்டும், விழுங்கும் சிரமம் உள்ள தாத்தா மறுக்க மாட்டார், புரையேறும். பிறந்தநாள் சாக்லேட்டுக்கும் இதே விதி. வீட்டிலிருந்து கொண்டுவந்ததை டீச்சர் வாங்கி வைத்து, யாருக்கு என்ன ஆகும் என்று பார்த்து நர்ஸ் கொடுக்கட்டும். பெரியவர்கள் பிள்ளைகளுக்குத் தட்டுவடை செட் வாங்கித் தர ஆசைப்படுவார்கள். கடினமான தட்டுவடையும் முழு வேர்க்கடலையும் ஐந்து வயதுக்குள் தொண்டையில் சிக்கும்.

நோய் பரவாதா?

பரவலாம், இரண்டு பக்கமும். வந்ததும் போகும்போதும் சோப்புப் போட்டு இருபது விநாடி கை கழுவ வேண்டும். வயிற்றுப்போக்குக் கிருமிகளில் சிலவற்றுக்கு சானிடைசர் போதாது. காய்ச்சல் இருந்தால் மாத்திரை இல்லாமலே 24 மணி நேரம் தணிந்திருக்க வேண்டும், வயிற்றுப்போக்கு நின்று 48 மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமும் பெரியவருக்குச் சளிப் பரிசோதனை முடியும்வரை பிள்ளைகள் பக்கம் வேண்டாம். இல்லங்களில் சத்தமில்லாமல் பரவுவது சிரங்கு. விரலிடுக்கில் இரவு அரிப்பு என்று ஒருவர் சொன்னாலும் எல்லோருக்கும் பார்த்து, சிகிச்சை முடிந்த பிறகு தொடருங்கள்.

அம்மை பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வெயில் காலத்தில் வரும், பல வீடுகளில் அதை நோய் என்று சொல்ல மாட்டார்கள். “உடம்பு சரியில்லையா?” என்று கேட்டால் “இல்லைங்க டீச்சர்” என்பார்கள். “வீட்டுல யாருக்காச்சும் அம்மா போட்டிருக்கா?” என்று கேளுங்கள், உண்மை வரும். சின்னம்மை கொப்புளம் எழுவதற்கு இரண்டு நாள் முன்பே தொற்றத் தொடங்கும், எல்லாம் காய்ந்து பொருக்குத் தட்டும்வரை தொற்றும். பக்கத்தில் இருந்த பிள்ளைக்கு 21 நாள் வரை வெளிப்படலாம், அதனால் அந்த வீட்டுப் பிள்ளைகளை மூன்று வாரம் நிறுத்துங்கள். பெரியவருக்கு அக்கி வந்தால் பிள்ளையிடமிருந்து வந்தது என்று பழி போடாதீர்கள். அவர் உடம்பில் எப்போதோ தங்கிய கிருமி திரும்ப எழுவதுதான் அக்கி. ஆனால் அந்தக் கொப்புளத்து நீர் பட்டால் பிள்ளைக்குச் சின்னம்மை வரலாம், காயும்வரை அவர் தள்ளியிருக்கட்டும்.

“கண்ணு படும்”, “நோயாளிங்க கிட்ட எதுக்கு?” என்று பெற்றோர் தயங்குகிறார்கள்.

தர்க்கம் பேசி மடக்காதீர்கள். பெற்றோரையே ஒருநாள் கூட்டிவந்து அந்த ஹாலில் உட்கார வையுங்கள். திருஷ்டிப் பொட்டு வைத்து அனுப்புகிறோம் என்றால் வைக்கட்டும். எழுத்தில் சம்மதம் வாங்குங்கள், படம் எடுக்க வேறு சம்மதம் வாங்குங்கள். பிள்ளையின் படம் மட்டும் இல்லை, பெரியவரின் படமும் அவர் அனுமதி இல்லாமல் வாட்ஸ்அப்பில் போகக் கூடாது.

எந்தப் பிள்ளையும் எந்தப் பெரியவருடனும் தனியாக ஓர் அறையில் இருக்கக் கூடாது. பாத்ரூமுக்கு ஆயாதான் கூட்டிப்போக வேண்டும். பிள்ளை தொட வேண்டாம் என்றால் கன்னத்தைக் கிள்ளுவதும் முத்தம் கொடுப்பதும் இல்லை. இதை முதல் நாளே பெரியவர்களிடம் மரியாதையாகச் சொல்லிவிடுங்கள். குழந்தைகளுக்கான உதவி எண் 1098, முதியோர் உதவி எண் 14567. இரண்டையும் சுவரில் ஒட்டுங்கள். அங்கன்வாடி என்றால் குழந்தைகள் வளர்ச்சித் திட்ட அலுவலரின் அனுமதி எழுத்தில் இருக்க வேண்டும்.

பெரியவர் ஒருவர் பிள்ளையிடம் “நீங்க என்ன ஆளுங்க?” என்று கேட்டுவிட்டார்.

கேட்பார்கள். நிறம் பற்றியும் பேசுவார்கள், “ஆம்பளப் புள்ள அழலாமா” என்பார்கள். பிள்ளை முன்னால் சண்டை போடாமல் உடனே கையிலிருக்கும் வேலைக்குப் பேச்சைத் திருப்புங்கள். பிள்ளைகள் போன பிறகு அவரிடம் தனியாக, தெளிவாகச் சொல்லுங்கள். மூன்றாவது முறையும் நடந்தால் அவர் கொஞ்ச நாள் சேராமல் இருக்கட்டும். வயதானவர் என்று விட்டுவிட்டால் அடிபடுவது நாலு வயதுப் பிள்ளை.

மறதி நோய் உள்ளவர் பிள்ளையைத் தன் மகள் என்று நினைக்கிறார். திருத்த வேண்டுமா?

வேண்டாம். “செல்வி, பள்ளிக்கூடம் போகலையா?” என்று கேட்டால், “பள்ளிக்கூடத்துல இருந்துதான் வந்தேன் பாட்டி” என்று பிள்ளையே சொல்லிவிடும். கையைப் பிடித்து விடாமல் “வீட்டுக்குப் போலாம் வா” என்று பதறினால் மட்டும் கவனிப்பாளர் மெல்லப் பிரித்து அவரை வெளியே நடத்திக் கூட்டிப்போகட்டும். இந்தச் சந்திப்பு மறதி நோயைக் குணமாக்காது. யாராவது அப்படிச் சொன்னால் நம்பாதீர்கள். அந்த நாற்பது நிமிடம் அவர் நிமிர்ந்து உட்கார்வதும், கை அசைப்பதும், பேசுவதும் உண்மை. அதுவே போதுமான காரணம்.

படுக்கையில் இருப்பவர்கள்?

ஹாலுக்குக் கட்டிலோடு கொண்டுவர முடிந்தால் கொண்டுவாருங்கள். இரண்டு பிள்ளைகள், பத்து நிமிடம், கட்டிலின் நடுப்பக்கத்தில் அவர் கண்ணுக்கு நேராக. கையில் பூ வைத்து முகரச் சொல்வது, ஒரு பாட்டு. அதற்கு மேல் வேண்டாம்.

பிள்ளைகளை எப்படித் தயார் செய்வது?

முதல் வாரத்துக்கு முன்னால் வகுப்பில் ஒரு வாக்கரையும் கைத்தடியையும் கொண்டுபோய்த் தொட்டுப் பார்க்க விடுங்கள். பிறகு மூன்றே விதி: “ஓடக் கூடாது, முன்னாடி நின்னு பேசணும், தடியை எடுக்கக் கூடாது.” பின்னாலிருந்து கத்தினால் பெரியவர் திடுக்கிட்டுத் திரும்பும்போதுதான் விழுவார். பல் செட்டு, வாசனை, நடுங்கும் கை பற்றிப் பிள்ளை சத்தமாகக் கேட்டால் “உஷ்” என்று அடக்காதீர்கள், ஒரு வரியில் பதில் சொல்லுங்கள். பெரும்பாலும் பாட்டியே சொல்லிவிடுவார்.

ஒருவர் இறந்துபோனால்?

தொடங்கும் முன்பே பெற்றோரிடம் இதைப் பேசியிருக்க வேண்டும், ஏனென்றால் நடக்கும். மறைக்காதீர்கள். “தூங்கிட்டாங்க” என்று சொன்னால் பிள்ளை இரவில் தூங்கப் பயப்படும். “ஊருக்குப் போயிட்டாங்க” என்றால் எப்போது வருவார்கள் என்று வாராவாரம் கேட்கும். “ராசம்மா பாட்டி செத்துட்டாங்க. அவங்க உடம்பு வேலை செய்யறதை நிறுத்திருச்சு. இனி வர மாட்டாங்க. நமக்கு வருத்தமா இருக்கு” என்று சொல்லுங்கள். நாலு வயதுப் பிள்ளை இதைக் கேட்டுவிட்டு உடனே விளையாடப் போய்விடும், மூன்று நாள் கழித்து மறுபடி கேட்கும். அதே சொற்களில் மறுபடி சொல்லுங்கள். சாமிகிட்ட போனாங்க என்று சொல்வதா வேண்டாமா என்பதை அந்தந்த வீட்டுக்கு விட்டுவிடுங்கள். அடுத்த வாரம் அந்த நாற்காலியை எடுத்துவிடாதீர்கள். பிள்ளைகள் ஒரு பூ வைக்கட்டும். அதற்கடுத்த வாரம் எடுக்கலாம். அந்த ஜோடிப் பிள்ளையை உடனே வேறொருவரிடம் சேர்க்காமல் இரண்டு வாரம் டீச்சர் பக்கத்தில் இருக்கட்டும். மற்ற பெரியவர்களும் துக்கத்தில் இருப்பார்கள், அன்று வேலை ஒன்றும் இல்லாமல் சும்மா உட்கார்ந்திருந்தாலும் சரி.

லீவு விட்டால்?

கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழா லீவு, மே மாத விடுமுறை என்று இடைவெளி வரும். சொல்லாமல் நின்றால் பெரியவர்கள் அந்தக் கிழமையில் தலை சீவி, துவைத்த துணி உடுத்தி, வாசலைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள். காலண்டரில் லீவு நாட்களில் சிவப்பு வட்டம் போட்டு ஹாலில் மாட்டி, முந்தின வாரமே ஒவ்வொருவரிடமும் வாயால் சொல்லுங்கள். ஜூனில் மூத்த பிள்ளைகள் ஒன்றாம் வகுப்புக்குப் போவார்கள். எட்டுப் பேரையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். ஏப்ரலிலேயே மூன்று புதுப் பிள்ளைகளைப் பழைய பிள்ளைகளோடு கூட்டிவந்து, கீரை உருவுவதைப் பழைய பிள்ளை புதிதுக்குச் சொல்லிக் கொடுக்கட்டும், பாட்டி பக்கத்தில் இருந்து பார்க்கட்டும். போகிற பிள்ளை தன் கையை மாவில் தோய்த்து அட்டையில் அச்சு வைத்து, பெயரும் வருடமும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகட்டும், அதைக் கவனிப்பாளர் அதன் ஜோடிப் பெரியவரின் கட்டில் தலைமாட்டில் ஒட்டட்டும்.